தோட்டம் எவ்வளவு தூரம்?

(தொழிலாளரான புனித யோசேப்பு திருநாளை முன்னிட்டு வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். நிலக்கிழார் ஒருவர் விடியற்காலையில் ஆள் தேடி வெளியே போகிறார். ஒன்பது மணிக்கு மறுபடி போகிறார். பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் போகிறார். கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் போய், அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி, ஆளுக்கு ஒரு தெனாரியம். குருக்கள் நாங்கள் இந்த உவமையை எடுத்தால் பெரும்பாலும் கூலியைப் பற்றித்தான் பேசுவோம். கடவுளின் தாராளத்தைப் பற்றிப் பேசுவோம். அது சரிதான். இன்று கூலியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டுப் பார்ப்போம். அந்தத் தோட்டம் சந்தைவெளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது?

நற்செய்தியில் தூரம் சொல்லப்படவில்லை. ஆனால் ஊகித்துவிடலாம். மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடப்பட்டவர்கள் ஆறு மணிக்குள் ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டார்கள். அதிகாலையில் வந்தவர்கள் முணுமுணுக்கும்போது கடைசியில் வந்தவர்கள் ஒரு மணி நேரமே வேலை செய்தார்கள் என்றுதான் சொல்கிறார்கள். வரவேயில்லை என்று சொல்லவில்லை. அப்படியென்றால் தோட்டம் கூப்பிடு தூரம், மிஞ்சினால் நடை தூரம். முதலாளியே ஒரு நாளில் ஐந்து முறை போய்வருகிறார் பாருங்கள். அந்தத் தோட்டம் 90 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்திருந்தால் இந்த உவமையே நடந்திருக்காது. ஐந்து மணிக்காரர்களுக்கு இரக்கம் காட்ட முதலாளிக்கு மனம் மட்டும் போதாது, தோட்டம் பக்கத்தில் இருக்கவும் வேண்டும்.

90 கிலோமீட்டர் என்று ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு ஏறத்தாழ அந்தத் தூரம். பெங்களூருக்குப் போகிறவர்கள் அதற்கு மேல் இன்னொரு 40 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். காரிமங்கலம் பக்கமும் பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கமும் விடிவதற்கு முன்னால் சாலையோரம் பாருங்கள். தோளில் ஒரு பை, கையில் டிபன் டப்பா, கம்பளியோ துப்பட்டாவோ போர்த்திக்கொண்டு நிற்கும் தம்பிகளும் தங்கைகளும் தெரிவார்கள். கம்பெனி பஸ் வரும். ஆறு மணி ஷிப்டுக்கு அவர்கள் மூன்றரை, நான்கு மணிக்கே கிளம்பியாக வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு நான்கு, ஐந்து மணி நேரப் பயணம். இப்படிப் போய் வருகிறவர் ஞாயிறு திருப்பலியில் மறையுரை நேரத்தில் கண் அயர்ந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த அரை மணி நேரமாவது நிம்மதி கிடைக்கட்டும்.

இன்னொரு கூட்டம் ஞாயிறு மாலை தர்மபுரி பேருந்து நிலையத்தில் நிற்கும். அவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள். கட்டட வேலைக்குப் பெங்களூரு, பனியன் வேலைக்குத் திருப்பூர். கோவிலூரோ செல்லியம்பட்டியோ பி.பள்ளிப்பட்டியோ, நம் மறைமாவட்டத்தின் எந்தப் பழைய பங்கை எடுத்துக்கொண்டாலும் வெளியூர் வேலைக்குப் போன ஆள் இல்லாத அன்பியம் இருக்காது. புனிதத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய திருமடலில் இதைத் தொட்டிருக்கிறார். வேலை தேடித் தன் மண்ணை விட்டுப் போக மனிதருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் போவது அவர் விட்டுப்போகும் சமூகத்துக்கு ஓர் இழப்பு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இது குடும்பத்தின் சுமை என்று நமக்குத் தெரியும். பூமியின் சுமையும்தான் என்பதை இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வானொலியில் கணக்குச் சொன்னால் அலைவரிசையை மாற்றிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. சிறிய கணக்குதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. முக்கால் கிலோகூட எடை இல்லாத பெட்ரோலிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று ஒரு பள்ளி மாணவன் கேட்பான். நல்ல கேள்வி. பெட்ரோலில் இருக்கும் கரி எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. 12 கிராம் கரி 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் வாயு ஆகிறது. அதனால்தான் எடை கூடுகிறது. டீசல் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ.

இப்போது இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மில்லுக்குத் தன் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறார். போக வர 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல், ஒரு நாளைக்கு 1.8 கிலோ வாயு. இன்னொருவர் 90 கிலோமீட்டர் தள்ளி ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார். போக வர 180 கிலோமீட்டர். பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் போனால் 40 லிட்டர் டீசல், 108 கிலோ வாயு. பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் அந்த பஸ்ஸில் 50 பேர் இருந்தால் ஆளுக்கு 2.2 கிலோதான்.

கவனித்தீர்களா? நாலரை மடங்கு தூரம் போகிறவரும் பக்கத்தில் போகிறவரும் ஏறக்குறைய ஒரே அளவு புகையைத்தான் விடுகிறார்கள். அதே 50 பேர் ஆளுக்கொரு வண்டியில் ஓசூர் போனால் 108 கிலோ 400 கிலோவைத் தாண்டிவிடும். ஒருவர் தனியாகக் காரில் போனால் அவர் ஒருவர் கணக்கே 27 கிலோ. அதே கம்பெனி பஸ் 20 பேரோடு ஓடினால் ஆளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல். ஆக, தூரம் ஒன்று, வண்டி ஒன்று, வண்டியில் எத்தனை பேர் என்பது இன்னொன்று. மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வேலை பக்கத்தில் இருந்தால் போதும், புகை தானாகக் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையலாம், குறையாமலும் போகலாம்.

ஏன் குறையாமல் போகும்? ஒரு புதிய தொழிற்சாலைக்கு இடம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலம் மலிவாக எங்கே கிடைக்கும்? பிரதான சாலையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி. அங்கே டவுன் பஸ் போகாது. இரவு ஷிப்டு முடியும் நேரத்தில் எந்த பஸ்ஸும் ஓடாது. அதனால் வேலையில் சேரும் பையன் முதல் மாதச் சம்பளத்திலேயே தவணைக்கு ஒரு வண்டி எடுக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வேறு வழியில்லை. ஆலை சுவருக்கு உள்ளே சூரிய மின்தகடு பதிக்கிறார்கள், மரம் நடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் வாசலுக்கு வெளியே வரிசையாக நிற்கும் ஆயிரம் மோட்டார் சைக்கிள்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கே அந்த ஆயிரம் வண்டிகளும் தீர்மானமாகிவிட்டன. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அந்தப் புகை அந்த ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டதே என்பீர்கள். பக்கத்து மாவட்டத்தில் போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் அவற்றைச் செய்யும் ஆலைகளே வந்துவிட்டன. நல்ல வண்டிதான். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால் புகை பாதியாகக் குறையுமே ஒழிய இல்லாமல் போய்விடாது. நிறைந்த பஸ்ஸின் கணக்கை அதனால் இன்னும் எட்ட முடியவில்லை. விலையும் எல்லாருக்கும் எட்டவில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு, உலகத்தைக் கெடுத்தது நாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு. உலக சராசரி அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அமெரிக்காவில் 14 டன்னுக்குப் பக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த வேலைகளில் இருப்பவர்களிடம் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்கினர் நடந்தோ சைக்கிளிலோ போவதாகச் சொன்னார்கள். ஏழைகள்தான் பூமியை இத்தனை நாள் காத்துவந்தார்கள் என்று சொன்னால் தவறில்லை. ஆனால் வெயிலும் வெள்ளமும் குற்றவாளியின் வீட்டைத் தேடிப் போவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நினைவிருக்கிறதா? ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். நிறுத்தி வைத்த வேன்களும் கார்களும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தோம். அரூர் பக்கமும் ஏரிகளும் ஓடைகளும் கரை புரண்டன. ஒரு புயலுக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைச் சுமக்கிறது, கொட்டும்போது அதிகமாகக் கொட்டுகிறது என்று அறிவியல் சொல்கிறது. அதே 2024-தான் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான ஆண்டு. வறட்சியே வழக்கமான நம் மாவட்டத்தில் அது என்ன செய்யும் என்பதை மாந்தோப்பு வைத்திருப்பவரைக் கேட்டால் சொல்வார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் போக்குவரத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒருவர் இருவர் மட்டும் ஏறிச் செல்லும் வண்டிகள் சாலையை அடைப்பதையும், எரிபொருளைத் தீர்ப்பதையும் சொல்கிறார். பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்கிறார். அதோடு நிற்கவில்லை. நெரிசலும் அசௌகரியமும் பாதுகாப்பின்மையும் கொண்ட பேருந்தில் மக்களை ஏற்றுவது மனித மாண்புக்கு ஏற்றதல்ல என்பதையும் எடுத்துக்காட்டுகிறார். எனக்கு அந்த இரண்டாவது பகுதி முக்கியமாகப் படுகிறது. பஸ்ஸில் போ, பூமியைக் காப்பாற்று என்று படிக்கட்டில் தொங்குகிறவனிடம் போய்ச் சொல்ல முடியாது. சுமக்க முடியாத சுமையைக் கட்டி மக்கள் தோளில் வைத்துவிட்டு ஒரு விரலால்கூட அசைக்காதவர்களை ஆண்டவர் கண்டித்தாரே, அந்தக் கண்டனம் சுற்றுச்சூழல் உபதேசம் செய்யும் எங்களுக்கும் பொருந்தும்.

ஆகவே வேலைக்குப் போகிறவரைப் பார்த்து நான் இன்று எதுவும் கேட்கப் போவதில்லை. வேலையை வைக்கிறவர்களைப் பார்த்தும், எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்களைப் பார்த்தும்தான் கேட்க வேண்டும். நற்செய்தியில் சந்தைவெளிக்கு வந்தவர் முதலாளி.

அப்படி யாராவது செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். அதுவும் நம் மண்ணிலேயே. ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 1980-களில் அங்கே டைட்டன் கடிகார ஆலை வந்தபோது பெங்களூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதை மட்டும் நம்பியிருக்கவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்திலேயே குடியிருப்பும் கட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் அருமை. கைக்கடிகாரத்தின் உலோகச் சங்கிலியைக் கோக்கும் வேலை நுணுக்கமான கைவேலை. பெரிய இயந்திரம் தேவையில்லை. 1990-களில் மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் உதவியோடு அந்த வேலையை ஆலைக்கு வெளியே, ஓசூர் வட்டாரத்துச் சுய உதவிக் குழுப் பெண்களிடம் கொடுத்தார்கள். அந்தப் பெண்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து 'மெடோ' என்று ஒரு கம்பெனியாகவே பதிவு செய்துகொண்டார்கள்.

அந்தப் பெண்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவள், வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள், பத்தாவதோடு படிப்பு நின்றவள். இவர்களால் நான்கு மணி பஸ் ஏற முடியாது. ஐந்து மணி வரை சந்தைவெளியில் நின்றவர்கள் இவர்கள்தான். ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று நிலக்கிழார் கேட்டபோது, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றார்கள். சோம்பல் என்று அவர்கள் சொல்லவில்லை, முதலாளியும் சொல்லவில்லை. கூப்பிடு தூரத்தில் வேலை வந்தது, அவர்கள் போனார்கள். பெட்ரோல் கணக்கு பார்த்து யாரும் அதைச் செய்யவில்லை. ஆனாலும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பயணம் அதனால் மிச்சமாகியிருக்கும்!

சட்டைத் தைப்பதும் கணினியில் விவரம் ஏற்றுவதும் புளி கொட்டை எடுத்துப் பொட்டலம் கட்டுவதும் அப்படி ஊருக்கு வரக்கூடிய வேலைகள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. சென்னைக்கு வர வேண்டிய பிள்ளைகள் சொந்த ஊரில் இருக்கிறார்கள். 2020-இல் ஊரடங்கு வந்தபோது நம் பிள்ளைகள் பலர் பெங்களூரிலிருந்து வந்து வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு உலகத்தின் கரியமில வாயு 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அடுத்த ஆண்டே ஏறக்குறைய பழையபடி ஆகிவிட்டது. மனிதர்களை அடைத்து வைத்துக் குறைத்த புகை நிலைக்கவில்லை. தவிர, லேத்தில் நிற்கிறவரும் கொத்தனாரும் வீட்டிலிருந்தபடி வேலை செய்ய முடியாது. அவர்களுக்கு ஊரடங்கு என்றால் பட்டினி.

எல்லா வேலையும் எல்லா ஊருக்கும் வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சாயப்பட்டறை ஒன்று ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்று நொய்யல் கரைக்காரர்களைக் கேளுங்கள். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல் கறுத்த தலைமுறை நம்முடையது; ஒகேனக்கல் குடிநீர் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். தண்ணீரை உறிஞ்சும் ஆலை, நல்ல விளைநிலத்தை விழுங்கும் ஆலை வீட்டு வாசலில் இருந்தாலும் வேண்டாம். பெரிய ஆலைகள் பெரிய சாலையிலும் ரயில் பாதையிலும் இருக்கட்டும். ஆனால் பஸ் நிற்கும் இடத்தில் இருக்கட்டும்.

அலுவலகம் ஒன்று நகர்ந்தால் எவ்வளவு பயணம் குறையும் என்பதற்கு நம் மாவட்டத்தின் வரலாறே சாட்சி. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் மாவட்டம். ஓசூர்க்காரர் ஆட்சியரைப் பார்க்க வேண்டுமானால் தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலம் போக வேண்டும். தர்மபுரி மாவட்டம் ஆனதும் அது பாதியாகக் குறைந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதும் மறுபடி பாதியானது. திருச்சபையும் இதைத்தான் செய்தது. 1997 ஜனவரி 24-இல் சேலத்திலிருந்து பிரித்துத் தர்மபுரி மறைமாவட்டத்தை அமைத்தார்கள். ஆயர் இல்லத்துக்கு ஒரு கடிதம் வாங்கப் போகிறவர் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற நன்மையை அன்று யாரும் கரியமில வாயுக் கணக்கில் எழுதவில்லை. மேய்ப்பர் மந்தைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

இனி நம் கண்முன் இருக்கும் காரியத்துக்கு வருகிறேன். நல்லம்பள்ளி வட்டத்தில் அதியமான்கோட்டை, தடங்கம், பாலஜங்கமனஅள்ளி பகுதியில் சிப்காட் தொழிற்பூங்கா வருகிறது. 1,700 ஏக்கருக்கு மேல். இனி ஓசூருக்குப் போக வேண்டாம், நம் ஊரிலேயே வேலை என்று இளைஞர்கள் எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்க்கட்டும், கிடைக்கட்டும். ஆனால் பென்னாகரத்துப் பெண்ணுக்கு, அரூர்ப் பையனுக்கு, பாப்பிரெட்டிப்பட்டிக்காரருக்கு அங்கே எப்படிப் போவது? ஷிப்டு தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் பொருந்த அரசு பஸ் வருமா? 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. அந்த விடியல் பயணம் ஆலை வாசல் வரை நீளுமா? தேசிய நெடுஞ்சாலையை நடந்து கடக்க மேம்பாலமோ சுரங்கப் பாதையோ உண்டா? இல்லையென்றால், இரவு பத்து மணிக்கு ஷிப்டு முடித்து லாரிகளுக்கு நடுவே மொபெட் ஓட்டி வரும் மகளுக்காக அம்மா விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பாள். இந்தக் கேள்விகள் ஆலை கட்டி முடித்த பிறகு கேட்க வேண்டியவை அல்ல.

ரயில் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஆங்கிலேயர் காலத்தில் சிறு ரயில் ஓடியது. பிறகு ஓசூர் வரைகூடப் போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். நம் தாத்தாக்கள் அதைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார்கள். மொரப்பூர்–தர்மபுரி புதிய பாதைக்கு, ஏறத்தாழ 36 கிலோமீட்டருக்கு, 2019 மார்ச் மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னை–சேலம் பாதையில் இருக்கும் ஊர்களை அது தர்மபுரியோடும் ஓசூரோடும் இணைக்கும். ஒரு பாதை போட இத்தனை ஆண்டுகளா என்று கேட்பது அரசியல் அல்ல. தினமும் வேலைக்குப் போகிறவரின் உறக்கத்தைப் பற்றிய கேள்வி அது.

நம் பங்குகளையும் விட்டுவைக்க வேண்டாம். பங்குப் பேரவைக் கூட்டத்தை இரவு எட்டரைக்கு வைத்தால் கடைசி டவுன் பஸ் போய்விடும். வண்டி இருப்பவர் மட்டும் வருவார். அதனால்தான் பேரவையில் வண்டி இல்லாத பெண்களின் குரல் கேட்பதில்லையோ என்றுகூட நினைப்பேன். நம் பள்ளிகளில் ஆசிரியர் நியமிக்கும்போது பக்கத்து ஊரில் தகுதியானவர் இருக்கிறாரா என்று பார்க்கிறோமா? கிளைப் பங்கில் திருப்பலிக்கு ஒரு குரு போய் வந்தால் ஒரு வண்டி. கிளைப் பங்கு மக்கள் எல்லாரும் தலைமைப் பங்குக்கு வந்தால் நாற்பது வண்டி. சிற்றாலயத்தில் திருப்பலி வைக்கச் சோம்பல்படும் குருக்கள், நான் உட்பட, இதையும் யோசிக்கலாம்.

புனித யோசேப்பின் வேலை எங்கே இருந்தது? நாசரேத்து சிற்றூர். அங்கிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டரில் செப்போரிஸ் என்ற நகரத்தை ஏரோது அந்திப்பா அந்தக் காலத்தில்தான் கட்டிக்கொண்டிருந்தான். யோசேப்பு அங்கே தச்சு வேலைக்குப் போய் வந்திருக்கலாம் என்று விவிலிய அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். போயிருந்தால் நடந்து போய், இருட்டுவதற்குள் வீடு திரும்பியிருப்பார். சிறுவன் இயேசு விழித்திருக்கும்போதே வந்து சேரும் தந்தை. நம் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு அது வாய்க்கிறது?

திருத்தந்தை பதினான்காம் லியோ தம் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, 1891-இல் தொழிலாளரின் உரிமைகளுக்காகத் திருமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்தே அதைத் தேர்ந்ததாகச் சொன்னார். அந்த மடல் கூலியையும் ஓய்வையும் வேலை நேரத்தையும் பேசியது. வேலைக்குப் போய் வரும் நேரத்தையும் இனி அதோடு சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மே 1-ஐ யோசேப்பின் திருநாளாக அறிவித்தார். நம் மாநிலத்தில் அதே மே 1 கிராம சபை கூடும் நாளும்கூட. காலைத் திருப்பலிக்கும் கிராம சபைக்கும் நடுவே நேரம் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். உங்கள் ஊரிலிருந்து எத்தனை பேர் எந்தத் திசையில், எந்த நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள் என்று அன்பியம் அன்பியமாக இந்த வாரமே ஒரு தாளில் எழுதுங்கள். கிறிஸ்தவர்களை மட்டும் எழுத வேண்டாம், தெரு முழுவதும் எழுதுங்கள். அந்தத் தாளைச் சபையில் படித்து, இந்த நேரத்துக்கு இந்தத் தடத்தில் பஸ் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். நல்லம்பள்ளி வட்டத்தில் இருப்பவர்கள் தொழிற்பூங்காவின் வாசல் எந்தப் பக்கம் வருகிறது, பஸ் எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நீங்கள் சொன்னது அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.